கரைக்கு அடியில் போன குழாய்: ஒரு சின்ன மண் அணையை வெட்டித் திறந்து மூடிய பதிவு

இடம் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணம், டோங்காட்டுக்கு மேற்கே கரும்பு மேடுகளுக்கு நடுவே ஒரு தனியார் டேம். கரையின் நீளம் 62 மீட்டர். ஆழமான இடத்தில் உயரம் 4.2 மீட்டர், மேல்தளம் 3 மீட்டர் அகலம். நீர்ப்பக்கச் சரிவு 3-க்கு 1 (கிடையாக 3, உயரமாக 1), வெளிப்பக்கச் சரிவு 2-க்கு 1. கலிங்கு மட்டத்துக்கு நிறைந்தால் ஆழம் 3.2 மீட்டர், நீர்ப்பரப்பு 0.6 ஹெக்டேர், கொள்ளளவு சுமார் 7,700 கன மீட்டர். ஒரு காலத்தில் பயிருக்குத் தண்ணீர் எடுக்கக் கட்டியது. இப்போது தூண்டில் போட, துடுப்புப் படகு விட, வார இறுதியில் பிராய் அடுப்பு (இறைச்சி சுடும் அடுப்பு) மூட்டிக் குடும்பத்தோடு உட்கார என்று மட்டும் இருக்கிறது.

இந்த நாட்டில் டேம் என்றால் தேங்கிய தண்ணீரையும் சொல்வார்கள், அதைத் தாங்கும் சுவரையும் சொல்வார்கள். குழப்பம் வேண்டாம். இங்கே தண்ணீர் டேம், மண் சுவர் கரை, மிகை நீர் வழியும் இடம் கலிங்கு. ஏரிக்கு நம் முன்னோர் வைத்த சொற்கள் இதற்கு அப்படியே பொருந்துகின்றன.

பழுது இதுதான். கரைக்கு அடியில் 150 மிமீ கால்வனைஸ் இரும்புக் குழாய் ஒன்று போகிறது. அதன் வால்வு வெளிப்பக்க முனையில். அந்த முனைக்குப் பக்கத்தில் மண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. குழாய்க்கு நேர் மேலே, நீர்ப்பக்கச் சரிவில், குண்டான் கவிழ்த்த அளவுக்கு ஒரு குழி விழுந்திருந்தது.

கலங்கலா, தெளிவா

மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவைப் பார்த்ததும் பதற வேண்டாம், அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துப் பதறலாம். கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஓர் இரவு ஆட்டாமல் வையுங்கள். காலையில் அடியில் மண் படிந்திருந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது. தெளிந்த தண்ணீர் பல வருடம் வரும், ஒன்றும் ஆகாது. கலங்கிய தண்ணீர் ஒரு மழைக்காலத்துக்குள் கரையைத் திறந்துவிடலாம்.

அளவுக்குப் பத்து லிட்டர் பெயிண்ட் வாளி போதும். சாதாரண நாளில் 46 விநாடியில் நிறைந்தது, அதாவது விநாடிக்கு 0.22 லிட்டர். பெரிய மழைக்கு மறுநாள் 17 விநாடி. பாட்டிலின் அடியில் விரல்நகக் கனத்துக்குச் சாம்பல் நிற வண்டல்.

அடுத்துத் தெரிய வேண்டியது, தண்ணீர் குழாய்க்குள்ளிருந்து ஒழுகுகிறதா, குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி வருகிறதா என்பது. வால்வு கீழ்முனையில் இருந்தால் மூடியிருக்கும் நேரமெல்லாம் குழாய் முழுவதும் டேமின் அழுத்தம் இருக்கும். துரு தின்ற ஒரு ஓட்டை போதும், கரையின் வயிற்றுக்குள் இரவும் பகலும் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். வால்வை முழுக்கத் திறந்து ஓடவிட்டு, பக்கத்துக் கசிவை மறுபடி அளந்தோம். கசிவு குறைந்திருந்தால் குழாயில் ஓட்டை என்று வைத்துக்கொள்ளலாம். குறையவில்லை. பிறகு உள்வாய்க்குப் பக்கத்தில், குழி விழுந்த இடத்தில், பச்சைச் சாயம் ஊற்றினோம். வெளியே நிறம் வர அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இருபது மீட்டருக்கு மேல் அகலமான மண்ணை ஊறிக் கடக்கிற தண்ணீர் இந்த வேகத்தில் வராது. உள்ளே திறந்த வழி இருக்கிறது.

முதல் நாள் கைவைத்தியம்

"வெளியில ரெண்டு வண்டி களிமண்ணைக் கொட்டி அடைச்சிட்டா நின்னுடும் அண்ணே" என்று எல்லா இடத்திலும் ஒருவர் சொல்வார். இங்கே அதற்கும் ஒரு படி மேலே போய், இரண்டு மூட்டை சிமென்ட் கலந்து பூசியிருந்தார்கள். தண்ணீர் ஒன்றரை மீட்டர் தள்ளி வேறு இடத்தில் கிளம்பியது. கசிவை வெளிப்பக்கம் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும், ஏறிய அழுத்தம் இளகிய இடத்தைத் தேடிப் போகும். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். தண்ணீர் போகட்டும், மண் மட்டும் போகக் கூடாது.

அதனால் அன்றைக்கே சிமென்டைப் பெயர்த்துவிட்டு, கசிவின் மேல் 300 மிமீ கனத்துக்குச் சுத்தமான கரட்டு ஆற்று மணல், அதன் மேல் 300 மிமீ கனத்துக்கு 9.5 மிமீ ஜல்லி, இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் பரப்பில் போட்டோம். மணல் ஒன்றேகால் கன மீட்டர், ஜல்லி அதே அளவு. தண்ணீர் வேகமாகக் கொப்பளித்தால் மணல் நிற்காது. அப்போது முதலில் ஜல்லியைப் போட்டு வேகத்தைக் கொன்று, பிறகு மணல், மறுபடி ஜல்லி. மூன்றாம் நாள் பாட்டிலில் வண்டல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்தது. இது வைத்தியம் இல்லை, ஆம்புலன்ஸ். மழைக்காலம் முடிந்து வறண்ட மாதங்கள் வரும்வரை தாக்குப்பிடிக்க.

இந்தக் கடற்கரைப் பக்கம் மழை அக்டோபரிலிருந்து மார்ச் வரை. ஏப்ரலையும் நம்ப முடியாது. 2022 ஏப்ரல் 11, 12-இல் டர்பனைச் சுற்றிச் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. ஆகவே மே கடைசியில் தண்ணீர் இறக்க ஆரம்பித்து, ஆகஸ்டுக்குள் கரையை மூடிவிட வேண்டும் என்று கணக்கு.

சட்டம் பற்றி ஒரு சொல். 1998-ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டப்படி, கரை 5 மீட்டருக்கு மேல் உயரமும் கொள்ளளவு 50,000 கன மீட்டருக்கு மேலும் இருந்தால் அது பாதுகாப்பு அபாயம் உள்ள அணை. பதிவு செய்ய வேண்டும், தன் இஷ்டத்துக்கு மாற்றிக் கட்டக் கூடாது. இந்தக் கரை அந்த வரம்புக்குக் கீழே. ஆனால் கீழே வீடோ பாதையோ இருந்தால் உயரம் 3 மீட்டரானாலும் ஓர் அணைப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, பழுதுபார்க்கும் சாக்கில் கரையை உயர்த்தாதீர்கள். தண்ணீரைத் தேக்குவதே அந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் ஒரு நீர்ப் பயன்பாடு. கொள்ளளவு கூடினால் பேச்சே வேறு.

தண்ணீர் இறக்குதல்

பழைய வால்வைத் திறந்து காலி செய்வது சுலபம்தான். ஆனால் அந்தக் குழாயை ஒட்டித்தான் மண் அரித்திருக்கிறது, அதில் வேகமாகத் தண்ணீர் விடுவது வெந்த புண்ணில் வேல். சைஃபன் போட்டோம், அதாவது கரைக்கு மேலே ஏறி மறுபக்கம் இறங்கித் தண்ணீரைத் தானே இழுத்துக்கொண்டு ஓடும் குழாய். 110 மிமீ எச்டிபிஇ (அடர் பாலிஎதிலீன் பிளாஸ்டிக்) குழாய், 10 பார் அழுத்தம் தாங்கும் பிஎன் 10 ரகம், 40 மீட்டர். மெல்லிய குழாய் வாங்க வேண்டாம், உச்சியில் உள்ளே வெற்றிடம் உண்டாகும்போது சப்பிப்போகும். இரு முனையிலும் வால்வு, கரை உச்சியில் மூடியுள்ள ஒரு டீ (T வடிவ இணைப்பு). இரண்டு வால்வையும் மூடி, டீ வழியாகத் தண்ணீர் நிரப்பி, குமிழி நின்றதும் மூடியை இறுக்கி, முதலில் உள்முனை, உடனே வெளிமுனை என்று திறந்தால் ஓட ஆரம்பித்துவிடும்.

டேம் நிறைந்திருக்கும்போது இதில் விநாடிக்கு ஏறத்தாழ 15 லிட்டர் வருகிறது. நீர்மட்டம் ஒரு நாளில் 15 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். அது 900 கன மீட்டர். சைஃபன் 16, 17 மணி நேரம் ஓடினால் முடிந்தது, மீதி நேரம் வால்வை மூடிவிடலாம். அவசரப்பட்டால் என்ன? நீர்ப்பக்கச் சரிவு ஊறிக் கனத்துப்போய் நிற்கிறது. அதை முட்டுக்கொடுத்து நிறுத்துவது எதிரே உள்ள தண்ணீர்தான். மண்ணுக்குள் உள்ள நீர் வடிவதற்குள் வெளியே உள்ளதை எடுத்துவிட்டால் சரிவு அப்படியே வழுக்கி உட்காரும். ஒரு பழுதுக்கு இரண்டாகிவிடும்.

இரண்டாம் நாள் சைஃபன் நின்றுபோனது. திரும்ப நிரப்பினாலும் ஒரு மணி நேரத்தில் நின்றது. எங்கும் ஒழுகவில்லை. ஒழுகவும் செய்யாது, உச்சிப் பகுதியில் உள்ள இணைப்பு தண்ணீரை வெளியே விடாது, காற்றை உள்ளே இழுக்கும். சவர நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் பூசிப் பார்த்ததில் ஒரு கிளாம்ப் இணைப்பு நுரையை உறிஞ்சியது. அதை வெட்டியெடுத்து மின்-வெல்டிங் கப்ளர் போட்ட பிறகு தொந்தரவு இல்லை. ஓடிய பதினைந்து நாளில் 2.2 மீட்டர் இறங்கியது. கடைசி ஒரு மீட்டர் டீசல் பம்பு. கீழ்ப்பக்கத் தோட்டக்காரரிடம் முன்பே சொல்லி வைத்ததால் அவர் ஓடைக்குள் இருந்த பம்பை எடுத்துவைத்துவிட்டார். இதைச் சொல்லாமல் செய்து சண்டையில் முடிந்த டேம்கள் உண்டு.

வெட்டியதும் தெரிந்தது

டிஎல்பி வண்டி (முன்னால் அள்ளும் வாளியும் பின்னால் தோண்டும் கையும் உள்ள டிராக்டர்) ஒன்று. குழாயை நடுவில் வைத்து அடியில் மொத்தம் 2 மீட்டர் அகலம் விட்டு, பக்கங்களை 2-க்கு 1 சரிவாக வெட்டியதில் மேல்தளத்தில் வாய் ஏறத்தாழ 19 மீட்டர் ஆனது. மொத்தம் 470 கன மீட்டர் மண். சொத்தைப் பல்லைப் பிடுங்கக் கூப்பிட்டால் தாடையைக் கழற்றுகிறார்களே என்று கேட்கத் தோன்றும். செங்குத்தாக இரண்டு மீட்டர் பள்ளம் தோண்டிக் குழாயை எடுத்துவிட்டு மூடினால் செலவு கால்வாசி. ஆனால் புது மண் அமுங்கும், பழைய மண் அமுங்காது. செங்குத்துச் சுவரில் புது மண் தொங்கிக்கொண்டு நிற்கும், அடியில் இடைவெளி விழும். அந்த வெடிப்பு கரைக்குக் குறுக்காக, தண்ணீர் போகும் திசையிலேயே இருக்கும். சாய்வாக வெட்டினால் புது மண் அமுங்க அமுங்கப் பழைய மண்ணின் மேல் இன்னும் இறுகி உட்காரும்.

குழாயைச் சுற்றி மண்ணைக் கையால் எடுத்தோம். மேல் பாதியில் மண் நன்றாகக் கெட்டியாக ஒட்டியிருந்தது. கீழ்ப்பாதியில், குழாயின் வயிறு தரையைத் தொடும் இரண்டு பக்க இடுக்கிலும், உள்ளங்கை நுழையும் அளவுக்குப் பொந்து. சுவர்கள் வழவழவென்று, பானைக்குள் கைவிட்ட மாதிரி. அடியில் கழுவிய மணல் மெல்லிய வரியாகப் படிந்திருந்தது. உருண்டைக் குழாயின் இடுக்கில் எந்த ரோலரும் போகாது, திமிசுக்கட்டையும் சரியாக இறங்காது. கட்டிய அன்றைக்கே அங்கே மண் இளகலாகத்தான் இருந்திருக்கும்.

கசிவைத் தடுக்க என்று இரண்டு கான்கிரீட் கழுத்துப்பட்டைகளைக் குழாயில் மாட்டியிருந்தார்கள், ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் சதுரம். பொந்து முதல் பட்டை வரை வந்து, பட்டையின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் மறுபடி குழாயைப் பிடித்துக்கொண்டு போயிருந்தது. பட்டையை ஒட்டி ரோலர் போக முடியாததால் அங்கேயும் மண் இறுகவில்லை. கழுத்துப்பட்டை பழைய பழக்கம். அமெரிக்க அரசின் மண்வளப் பாதுகாப்புத் துறை 1980-களிலேயே இதைக் கைவிட்டு மணல் வடிகட்டிக்கு மாறிவிட்டது. பண்ணை டேம்களில் இன்னும் யாராவது கான்கிரீட் ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டாவது பட்டைக்குப் பின்னால் ஓர் ஆற்று நண்டு குடியிருந்தது. பழி அதன் மேல் இல்லை, கட்டிய வீட்டில் குடியேறியிருக்கிறது, அவ்வளவுதான்.

முடிவு ஒன்று இங்கே எடுத்தாயிற்று. கரைக்கு அடியில் இனிக் குழாயே வேண்டாம். பயிருக்குத் தண்ணீர் எடுக்காத டேமுக்குக் கீழ்மடை எதற்கு? தண்ணீர் இறக்க வேண்டிய நாளில் சைஃபன் போதும்.

எந்த மண்

வெட்டிய மண்ணில் இரண்டு நிறம். ஒன்று ஓடைப் படுகையின் சாம்பல் நிறக் களிமண், மற்றது டாலரைட் பாறை சிதைந்து வந்த செம்மண் களி. இரண்டையும் உருட்டினால் 3 மிமீ திரி வருகிறது, இரண்டும் கையில் வழவழப்பு. களிமண் என்ற அளவில் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் கண்ணாடி டம்ளர் வேண்டும்.

பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் 250 மில்லி. குழாய்த் தண்ணீர் ஆகாது, அதில் உள்ள உப்பு விடையை மாற்றிவிடும். ஈரம் காயாத மண்ணிலிருந்து 15 மிமீ கட்டி ஒன்றை மெதுவாக உள்ளே விட்டு, கலக்காமல், பத்து நிமிடம் பாருங்கள். செம்மண் கட்டி பொடிந்து அடியில் குவியலாக உட்கார்ந்தது, மேலே தண்ணீர் தெளிவு. சாம்பல் மண்ணோ, கட்டியைச் சுற்றி முதலில் புகை மாதிரி, பிறகு அரிசி களைந்த தண்ணீர் மாதிரி, ஒரு மணி நேரத்தில் டம்ளரின் மறுபக்கம் விரல் தெரியவில்லை. சோடியம் மிகுந்த களி. அதன் துகள்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்வதில்லை. ஓட்டமே இல்லாத தண்ணீரில் கரைகிறது என்றால், குழாய் இடுக்கில் ஓடும் தண்ணீருக்கு அது எம்மாத்திரம்!

ஜிப்சமோ சுண்ணாம்போ எடையில் 2, 3 சதவீதம் கலந்து இந்த மண்ணைத் திருத்தலாம். முந்நூறு கன மீட்டர் மண்ணில் அதைச் சீராகக் கலக்கக் கலப்பை, தட்டு, நாள் எல்லாம் வேண்டும். வலதுபக்க மேட்டில் செம்மண் கிடைக்கும்போது அந்தப் பாடு தேவையில்லை. வெட்டியதில் 280 கன மீட்டர் சாம்பல் மண்ணைக் கரையை விட்டுத் தள்ளிக் கொட்டிவிட்டு, 190 கன மீட்டர் செம்மண்ணை வைத்துக்கொண்டோம். மேட்டிலிருந்து 330 கன மீட்டர் எடுத்தோம். வெட்டிய மண் திரும்ப இறுகும்போது பத்தில் ஒரு பங்கு குறையும், அதையும் சேர்த்த கணக்கு.

கரையின் மீதி நீளம் முழுக்க இன்னும் அந்தச் சாம்பல் மண்தான். புது மண் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், புதிதும் பழையதும் சேரும் விளிம்பில் ஒரு பக்கம் கரையும் மண். மணல் வடிகட்டி கட்டாயம் என்றானது இதனால்.

மணல்

இந்த வேலையில் மலிவான பொருள் மணல், அதிகம் ஏமாறுவதும் மணலில்தான். இரண்டு சோதனை. ஒன்று, ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மணல் போட்டுத் தண்ணீர் நிரப்பிக் குலுக்கி வைத்தால், மணலின் மேல் படியும் வண்டல் மணல் உயரத்தில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இரண்டாவது குழந்தைகள் கடற்கரையில் செய்வதுதான். ஈர மணலைச் சின்ன வாளியில் அமுக்கிக் கவிழ்த்து, ஆழமில்லாத தட்டில் வைத்து, சுற்றிலும் தண்ணீர் ஊற்றுங்கள். மணல் கோட்டை உடனே சரிந்து பரவ வேண்டும். நிமிர்ந்து நின்றால் அதில் களி இருக்கிறது. அப்படிப்பட்ட மணல் கரைக்குள் வெடிப்பு விழும்போது தானும் சேர்ந்து வெடித்து நிற்கும். நல்ல மணல் வெடிப்புக்குள் சரிந்து விழுந்து அடைத்துக்கொள்ளும்.

முதல் லோடு மணல் கால் மணி நேரம் கோட்டையாக நின்றது. பார்வைக்குப் பளபளவென்று அழகான மணல். திருப்பி அனுப்பினோம். கழுவிய கான்கிரீட் மணல் என்று கேட்டு வாங்கியது அரை நிமிடத்தில் சரிந்தது. பத்து கன மீட்டர் லோடு இரண்டு.

வடிகட்டியின் இடம் வெளிப்பக்கச் சரிவுக்கு உள்ளே, கரை உயரம் 2.5 மீட்டர் இருக்கும் கோட்டில். 600 மிமீ கனமுள்ள சுவர் மாதிரி, அடியிலிருந்து மேலே, மேல்முனையில் அரை மீட்டர் மண் மூடும்வரை. இரு பக்கமும் வெட்டிய விளிம்போடு நிறுத்தாமல் பழைய மண்ணுக்குள் 500 மிமீ புகுத்தினோம். தண்ணீர் அந்த விளிம்பு வழியாகத்தான் வரும், வடிகட்டி அங்கே இல்லாவிட்டால் இருந்து பயனில்லை. அடியில், மணலுக்குள் 300 மிமீ சதுரத்துக்கு 9.5 மிமீ ஜல்லி, அதற்குள் துளையிட்ட 110 மிமீ குழாய், வெளிப்பக்கக் கரையடியில் திறக்கும். ஜல்லியைச் சுற்றி எல்லாப் பக்கமும் மணல் இருக்க வேண்டும், களிமண்ணை ஜல்லி நேரடியாகத் தொடக் கூடாது.

மணலுக்குப் பதில் ஜியோடெக்ஸ்டைல் என்ற செயற்கை இழை வடிகட்டித் துணி போட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். சாலை ஓர வடிகாலுக்கு ஆகும், தோண்டி மாற்றலாம். கரையின் வயிற்றுக்குள் அது அடைத்துக்கொண்டாலோ கிழிந்தாலோ யாருக்கும் தெரியாது.

மணலைக் காய்ந்தபடி இறுக்க வராது. தண்ணீர் பீய்ச்சி நனைத்து, பிளேட் காம்பாக்டரால் இரண்டு தடவை. களிமண் அடுக்கும் மணல் அடுக்கும் சேர்ந்தே ஏற வேண்டும், மணல் எப்போதும் ஒரு கை உயரம் முன்னால். இல்லாவிட்டால் ரோலர் களிமண்ணை மணல் மேல் தள்ளிப் பூசிவிடும்.

அடுக்கு அடுக்காக

முதலில் மேல்தளத்துக்கு நேர் கீழே, அடியில் 500 மிமீ ஆழம், 2 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளத்துக்குக் கெட்டித் தரைக்குள் ஒரு பள்ளம். அதையும் செம்மண்ணால் நிரப்பித்தான் கரை எழும்பியது. 200 மிமீ உதிரியாகப் பரப்பினால் 150 மிமீ ஆக இறுகும். அடியிலிருந்து உச்சிவரை 31 அடுக்கு. வாடகைக்கு எடுத்த சின்ன ஆட்டுக்கால் ரோலர் (உருளை முழுக்கக் குமிழ்கள் உள்ளது), அடுக்குக்கு எட்டு தடவை. ரோலர் எட்டாத ஓரங்களில் இயந்திரத் திமிசு. டிஎல்பி சக்கரத்தை ஏற்றி இறக்கினாலோ வாளியால் தட்டினாலோ மண் இறுகாது, இறுகிய மாதிரி தெரியும்.

ஈரம்தான் பாதி வேலை. ஒரு பிடி மண்ணை அமுக்கி உருண்டையாக்கித் தோள் உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. பொடியாகச் சிதறினால் தண்ணீர் போதாது, சப்பையாக ஒட்டினால் அதிகம். ஜூலை மாத மேட்டு மண் காய்ந்து கிடந்தது. கன மீட்டருக்கு ஏறத்தாழ 65 லிட்டர் சேர்க்க வேண்டியிருந்தது. ஆயிரம் லிட்டர் ஃப்ளோ பின் (கம்பிக் கூண்டுக்குள் உள்ள பிளாஸ்டிக் தொட்டி) ஒன்றைப் பக்கியில், அதாவது பிக்கப் வண்டியில், ஏற்றி, மண் எடுக்கும் குழியிலேயே முந்தின நாள் மாலை நனைத்து, புரட்டி, இரவு ஊறவிட்டோம். கரையில் பரப்பிவிட்டு மேலே தெளித்தால் மேல்தோல் சேறு, உள்ளே தூசி.

ஒவ்வொரு அடுக்கின் மேல்பரப்பையும் அடுத்தது போடும் முன் கீறிவிட வேண்டும். பக்கத்துப் பழைய மண்ணையும் அடுக்குக்கு 200 மிமீ உள்ளே செதுக்கி, காய்ந்த தோலை எடுத்துவிட்டு, ஈர மண்ணோடு ஈர மண்ணாகச் சேர்க்க வேண்டும். ஒரு வார இறுதியில் பதினேழாவது அடுக்கை மூடாமல் விட்டதில், திங்கள் காலை பத்து ரூபாய் நாணயம் செங்குத்தாக நுழையும் அளவுக்கு வெடிப்பு. அந்த அடுக்கில் 100 மிமீ சுரண்டி எறிந்து மறுபடி போட்டோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் கருப்புப் பிளாஸ்டிக்.

உச்சியில் நடுவில் 200 மிமீ கூடுதலாக உயர்த்தி விட்டோம், அமுங்கப் போவதற்கு. மேல்தளம் தண்ணீர்ப் பக்கமாகச் சற்றே சாய்வு, மழை நீர் வெளிச்சரிவில் வழிந்து கீறக் கூடாது.

கலிங்கு

கரை உடைவது கசிவால் மட்டுமில்லை, தண்ணீர் மேலேறி வழிந்தும்தான். பழைய கலிங்கு 6 மீட்டர் அகலம். அதன் வாயில் மீன் போகாமல் இருக்க ஷேட் நெட் கட்டியிருந்தார்கள். ஒரு நல்ல மழைக்கு அதில் கரும்புச் சோகையும் ஆகாயத்தாமரையும் வந்து அப்பினால் கலிங்கு இல்லாத கரைதான். அதை முதல் வேலையாக அறுத்தெறிந்தோம்.

கணக்கு எளிது. மேலே 40 ஹெக்டேர் பிடிப்புப் பரப்பு. மணிக்கு 100 மிமீ மழை, அதில் 40 சதவீதம் ஓடி வருகிறது என்றால் விநாடிக்கு 4.4 கன மீட்டர். அரை மீட்டர் ஆழத்தில் வழியும்போது 6 மீட்டர் கலிங்கு விடுவது 3.6 மட்டும். 9 மீட்டராக அகலப்படுத்தினால் 5.4. அகலப்படுத்தினோம். கலிங்கு மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் ஒரு மீட்டர் இருப்பதால், அரை மீட்டர் வழிந்தாலும் இன்னும் அரை மீட்டர் மிச்சம். கலிங்கு முழுக்கப் புல், வழியும் தண்ணீர் கரையடிப் பக்கம் திரும்பாமல் ஒரு சின்ன வரப்பு.

புல், மரம், ஆட்கள்

கரைக்குக் கிக்குயு புல் நடச் சொல்வார்கள். வேகமாக மூடும், ஆனால் மெத்தை போல வளர்ந்து ஈரக் கசிவையும் நண்டு வளையையும் மறைத்துவிடும். இங்கே கூச் என்று விற்கிறார்களே, அது நம் அறுகம்புல்தான். பிள்ளையாருக்குச் சாத்துவது கரைக்கும் நல்லது. 150 மிமீ மேல்மண், அதில் 300 மிமீ இடைவெளியில் துண்டுகள், ஆறு வாரம் தண்ணீர்.

பொழுதுபோக்கு டேமுக்கு வரும் கேடு பெரும்பாலும் மனிதரால். படகுத்துறைக் கம்பங்களைக் கரைக்குள் அடிக்காதீர்கள், பக்கத்து இயற்கை மேட்டில் அடியுங்கள். பிராய் அடுப்பும் நிழல் மரமும் அங்கேயே. குவாட் பைக் கரையில் ஏறினால் சக்கரத் தடம் ஒரே பருவத்தில் ஓடையாகும். புது சைஃபனின் உள்வாய் குளிக்கும் இடத்திலிருந்து தள்ளி, பெரிய கம்பிக் கூண்டுக்குள். ஆட்கள் தண்ணீரில் இருக்கும்போது வால்வைத் திறக்கவே கூடாது, வெளிமுனை வால்வுக்குப் பூட்டு போட்டாயிற்று. நாணலும் பாசியும் மண்டிய ஓரத்தில் நத்தை சேரும், நத்தையோடு பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோய் வரும். பிள்ளைகள் இறங்கும் ஓரத்தைச் செடியின்றி வைத்திருங்கள்.

நிரந்தர சைஃபன் அதே 110 மிமீ குழாய்தான். கரை உச்சியில் 700 மிமீ ஆழத்தில், முழு நீர்மட்டத்துக்கு 300 மிமீ மேலே புதைத்தது. மாதம் ஒரு முறை பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

திரும்ப நிரப்பியது

அக்டோபர் மழையில் தானாக நிறைந்துவிடும் என்று விட்டுவிடக் கூடாது. புது மண்ணுக்கு முதல் நிரப்பல்தான் தேர்வு. அரை மீட்டர் ஏறியதும் சைஃபனால் அங்கேயே நிறுத்தி நாலு நாள் பார்த்து, பிறகு அடுத்த அரை மீட்டர். கரையடியில் வடிகால் குழாயின் முன் 90 பாகை முக்கோண வெட்டுள்ள தகடு ஒன்றை நட்டு வைத்தோம். வெட்டின் அடியிலிருந்து நீர் உயரம் 20 மிமீ என்றால் விநாடிக்கு 0.08 லிட்டர், 30 மிமீ என்றால் 0.22, 50 மிமீ என்றால் 0.77. உயரத்தைத் தகட்டை ஒட்டி அளக்காமல், ஒரு முழம் பின்னால் அளக்க வேண்டும், தகட்டருகே நீர் சரியும்.

இரண்டு மீட்டர் வரை வடிகாலில் ஒரு சொட்டு இல்லை. இரண்டரை மீட்டரில் ஈரம். முழு மட்டத்தில் 15 மிமீ, ஏறத்தாழ 0.04 லிட்டர். பாட்டிலில் ஓர் இரவு வைத்தும் அடியில் ஒன்றும் இல்லை. இப்போது வாரம் ஒரு முறை தகட்டின் அளவும், அன்றைய நீர்மட்டமும், அந்த வார மழையும் ஒரே நோட்டில் மூன்று பத்தியாக எழுதப்படுகின்றன. மழை இல்லாமலே அளவு ஏறினால்தான் கவலை.

இடது கோடியில், வெளிச்சரிவில், 400 மிமீ தடிமனுள்ள ஒரு கம் மரம் (யூகலிப்டஸ்) இன்னும் நிற்கிறது. வெட்டிவிட்டால் வேர் மக்கி அதே இடத்தில் பொந்து விழும். அடுத்த குளிர்காலத்தில் மறுபடி தண்ணீரை இறக்கி, வேரோடு தோண்டியெடுத்து, மிஞ்சிய மணலையும் மேட்டுச் செம்மண்ணையும் வைத்து இதே முறையில் மூட வேண்டும். மணல் நாலு கன மீட்டர் பிளாஸ்டிக் போர்த்திக் கிடக்கிறது.